கரையும் ஸ்க்ரூ வைத்த முட்டு: எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை

தூத்தூர் விங்கர்:
ஏசிஎல், அதாவது முட்டுக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் நார், அறுந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணலில் பந்து, காலை ஊன்றித் திரும்பினேன், 'டொப்'. தொடையிலிருந்து தசைநார் எடுத்து வைத்து, மேலும் கீழும் கரையும் ஸ்க்ரூ போட்டார்கள். மனதை விட்டுப் போகாதது அதெல்லாம் இல்லை. 6 வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடித் தேடிப் பார்த்தார். எலும்புக்குள் மங்கலாக இரண்டு குழல், அவ்வளவுதான். "ஸ்க்ரூவுக்குன்னு தனியா காசு வாங்கினாங்களே மக்களே, அது எங்க?" அந்தக் காசுக்குக் கம்மலை அடகு வைத்திருந்தார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்காவது இப்படி நடந்ததா?

குளச்சல் டீச்சர்:
உலோகம் இல்லையே தம்பி, எக்ஸ்ரேயில் தெரியாது. எனக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. இதே ஸ்க்ரூ வைத்த மூன்றாம் வருடம், ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டேன். ஏதோ கல் குத்துகிறது என்று கையால் துழாவினால் தரையில் ஒன்றுமில்லை. முட்டுக்குக் கீழே, தையல் தழும்புக்குப் பக்கத்தில், நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். திறந்து பார்த்தபோது கரைந்த ஸ்க்ரூவின் மிச்சம், சுண்ணாம்புக் குழம்பு மாதிரி. கிருமி எதுவும் இல்லை, நாரும் நன்றாகவே இருந்தது. "கரைஞ்சிடும், அப்புறம் மறந்திடலாம்" என்று சொல்லித்தான் வைத்தார்கள். அந்தப் பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது.

குலசேகரம் பால்வெட்டு:
டீச்சர், இதைப் படித்தால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய பிள்ளைகள் பயந்துவிடும். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. எனக்கு டைட்டானியம். ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி அதே முட்டில் மறுபடி அடி. எம்ஆர்ஐ எடுத்தால் ஸ்க்ரூவைச் சுற்றிப் படமே கலங்கல். எதிலும் ஒரு குறை உண்டு.

தம்பி, அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். இந்த ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் இருப்பது பாலிலாக்டிக் அமிலம். உடம்பின் ஈரத்தில் உடைந்து உடைந்து லாக்டிக் அமிலமாகி, கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். மாதக்கணக்கு இல்லை, வருடக்கணக்கு. நாரை எலும்புத் துளையின் சுவரோடு இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. நாரும் எலும்பும் ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை தாங்கினால் போதும். அந்த மாதங்களில் பிசியோ சொன்னதை மீறாதீர்கள். வலி இல்லையே என்று 9 மாதத்துக்கு முன் பந்தைத் தொட வேண்டாம். இன்னொன்று, ஸ்க்ரூ பெட்டியின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். உங்கள் ஃபைலில் இல்லையென்றால் நகல் கேட்டு வாங்குங்கள்.

குளச்சல் டீச்சர்:
பயமுறுத்தவில்லை அண்ணா. வீக்கம் வந்தால் வந்து காட்டு என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புற்றுநோய்க் கட்டி என்று நினைத்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் கிடந்தேன்.

தூத்தூர் விங்கர்:
ஃபைலைப் புரட்டினேன் அண்ணா. கடைசித் தாளில் இரண்டு ஸ்டிக்கர், 8 × 25, 9 × 30 என்று அளவோடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். அந்தத் தாளை மட்டும் கழற்றி, அடகுச் சீட்டு இருக்கும் டப்பாவில் மடித்து வைத்துக்கொண்டார்.