புதுப்பிப்பு: கொக்குவிலில் பார்த்த பழைய எம்ஜிபி கார்
1967ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடித்தகரத்தைப் பாருங்கள் என்று எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டித் தகரமே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதில் காந்தம் பல இடங்களில் ஒட்டவில்லை, அதாவது கறள் தின்ற பகுதிகளைப் பசையால் நிரப்பிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஜாக் வைத்துத் தூக்கியதும் கதவின் இடைவெளியும் ஒடுங்கியது, அதாவது உடல் பலமிழந்து வளைகிறது. கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்தில் இது அரிதல்ல. 1798 சிசி எஞ்சின் அருமையாக இயங்குகிறது; அது பழுதானாலும் உதிரிப்பாகங்களை இங்கிலாந்திலிருந்து இன்றும் தருவிக்கலாம், உடலை வெட்டி ஒட்டுவதற்கோ தேர்ந்த கைகாரர் வேண்டும். பதிவுப் புத்தகத்தின் சேஸி இலக்கம் காரில் உள்ளதோடு பொருந்துகிறது. எனவே தகர வேலைச் செலவைக் கழித்து விலை கேட்டிருக்கிறேன். உரிமையாளர் ஐயா யோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்.