வீடியோவில் வந்தால்தான் மாத்திரை எழுதுவேன் என்கிறார் டாக்டர். டெலிமெடிசின் விதி அப்படியா இருக்கிறது?

வேப்பங்காற்று:
சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்ளும் 68 வயது நோயாளி. டாக்டரை நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. போனில் கேட்டால், வீடியோவில் வாங்க, இல்லையென்றால் நேரில் வாங்க என்கிறார். இன்னொரு டாக்டர் மாத்திரைப் பெயரை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பினார். மெடிக்கல் ஷாப்பில் தர மறுத்துவிட்டார்கள். நோயாளிக்குப் பதிலாக மகன் பேசினால் செல்லுமா? இதற்கென்று சட்டம் ஏதாவது இருக்கிறதா, அல்லது அவரவர் இஷ்டமா?

விதிநூல்:
தனிச் சட்டம் கிடையாது. 2020 மார்ச் 25 அன்று வெளியான டெலிமெடிசின் (போன், வீடியோ, சாட் வழியாக டாக்டரைப் பார்ப்பது) நடைமுறை வழிகாட்டுதல்தான் இன்றுவரை அடிப்படை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகளில் 5-ஆம் பின்னிணைப்பாக அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே வெறும் அறிவுரை என்று ஒதுக்க முடியாது. மீறினால் டாக்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புது விதிமுறை கொண்டுவந்து அதே மாதமே நிறுத்திவைத்தது. அதை மேற்கோள் காட்டி வாதாடுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த எட்டு மாதம். அதே டாக்டர், அதே நோய், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் என்றால்தான் ஃபாலோ-அப், அதாவது தொடர் ஆலோசனை. தாண்டிவிட்டால் பத்து வருடப் பழக்கமாக இருந்தாலும் கணக்கில் அது முதல் ஆலோசனை. ஆறு மாதத்துக்குள்ளேயே வந்தாலும், புதிதாகச் சம்பந்தமில்லாத தொந்தரவு சேர்ந்தாலோ, முந்தைய சிகிச்சை டாக்டருக்கு நினைவில் இல்லாவிட்டாலோ அது ஃபாலோ-அப் ஆகாது. அதனால் பழைய சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் பேசுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

மருந்துகள் மூன்று பட்டியலாக இருக்கின்றன. பாராசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரியானவை 'ஓ' பட்டியல். போன், சாட் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். 'ஏ' பட்டியல் முதல் ஆலோசனையில் வீடியோ இருந்தால் மட்டும். ஃபாலோ-அப்பில் அதே மருந்தைத் திரும்ப எழுதலாம். மெட்ஃபார்மின், பிரஷருக்கான எனலாப்ரில், அட்டெனலால் எல்லாம் இதில் உதாரணமாகவே வருகின்றன. ஏற்கெனவே எடுப்பதோடு கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகள் 'பி' பட்டியல். ஃபாலோ-அப்பில் மட்டும். ஆக, உங்கள் டாக்டர் வீடியோ கேட்டது விதிப்படி சரிதான்.

மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்கு டெலிமெடிசினில் எந்த வழியும் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏடிஎச்டி) தரும் மெத்தில்ஃபெனிடேட்டை எந்த வீடியோவிலும் வாங்க முடியாது.

கவுண்டருக்குப்பின்னால்:
கடைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டைப் செய்த பெயர் பிரிஸ்கிரிப்ஷன் ஆகாது. கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோ, ஸ்கேன், அல்லது இ-பிரிஸ்கிரிப்ஷன் வேண்டும். அதில் நாங்கள் முதலில் தேடுவது டாக்டரின் பதிவு எண். அப்புறம் தேதி, நோயாளியின் பெயர், வயது, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு. அட்டவணை எச்1 மருந்து (சில ஆன்டிபயாடிக் மாதிரி கூடுதல் கட்டுப்பாடுள்ளவை) என்றால் எழுதியவர், நோயாளி, எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜை வைத்து அதை நிரப்ப முடியாது.

போட்டோ எடுக்கும்போது பெரும்பாலும் ஓரத்தில் வெட்டுப்படுவது லெட்டர்ஹெட்தான். பதிவு எண் இருப்பதும் அங்கேதான்!

டாக்டர் நேராகக் கடைக்கே சீட்டை அனுப்ப வேண்டுமென்றால் நோயாளி வெளிப்படையாகச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம்.

திண்ணைவாசி:
மகன் பேசுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. நோயாளி பக்கத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமோ, உறவைக் காட்டும் ஆவணமோ வேண்டும். அல்லது முன்பு நேரில் போனபோது நோயாளியே டாக்டரிடம் 'இவர் என் சார்பில் பேசுவார்' என்று சொல்லியிருக்க வேண்டும். 16 வயதோ அதற்குக் கீழோ உள்ளவர்களுக்கும், பேச முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தத் தாள் தேவையில்லை.

இன்னொன்று. நோயாளியே அழைத்தால் சம்மதம் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். மகன் அழைத்தால் அப்படி இல்லை, நோயாளியின் சம்மதம் பதிவாக வேண்டும். 'இந்த ஆலோசனைக்குச் சம்மதிக்கிறேன்' என்று அவர் போனிலிருந்தே ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்.

வீடியோ கைவராதவர்களுக்கு அரசின் டெலிமெடிசின் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது, கட்டணமில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்குள்ள பணியாளரே டாக்டரோடு இணைத்துவிடுவார். என்னைக் கேட்டால் வீட்டிலிருந்து பேசுவதைவிட இதுவே மேல். பிரஷரையும் சர்க்கரையையும் அங்கேயே பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

வேப்பங்காற்று:
நன்றி. ஒரே ஒரு சந்தேகம். வீடியோவில் பார்த்துவிட்டு, சர்க்கரை கூடியிருக்கிறது என்று சிட்டாக்ளிப்டின் (சர்க்கரைக்கான இன்னொரு மாத்திரை) சேர்க்கலாமா?

விதிநூல்:
கூடாது. மெட்ஃபார்மினோடு சிட்டாக்ளிப்டின் சேர்ப்பதை 'பி' பட்டியலுக்கு உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாத இடைவெளியில் அதற்கு நேரில்தான் போக வேண்டும். நேரில் போன அந்தத் தேதி சீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.