தனியாரிலிருந்து அரசுத் துறைக்கு வந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

12 வருடம் தனியார் கம்பெனியில் மேனேஜர். அங்கே பிரிண்டர் பழுதானால் அன்றைக்கே புதுசு வரும். இங்கே 3 கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், நிதிப் பிரிவின் ஒப்புதல். 5 வாரமாகக் கோப்பு நகரவில்லை. என்னதான் செய்வது?

பதில் 1:
நான் இரண்டு பக்கமும் இருந்தவள். அங்கே முதலாளிக்குப் பதில் சொன்னால் போதும். இங்கே தணிக்கை, சட்டமன்றம், பத்திரிகை, மனுவோடு வாசலில் நிற்கும் பெரியவர், எல்லோருக்கும் சொல்லணும். லாபமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது, அனுப்பவும் கூடாது. கோப்பில் வைக்கும் குறிப்பில் ஏன் வாங்குகிறோம் என்று இரண்டு வரி தெளிவாக எழுதுங்கள். பாதிக் கேள்வி திரும்பி வராது.

பதில் 2:
நிதியாண்டுக்குள் செலவழிக்காத பணம் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

கேட்டவர்:
குறிப்பைத் திருத்தி எழுதினேன். இன்று கையெழுத்தாகி வந்துவிட்டது. நன்றி அக்கா.