டார்செட் ஆப்பிள் மகரந்தம்: சாயத்தில் சிவக்கிறது, சர்க்கரைத் தண்ணீரில் முளைக்கவில்லை, எதை நம்புவது?

மலைத்தோட்டம்:

வணக்கமுங்க. தாளவாடி மலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அன்னா ஆப்பிள் 40 ஒட்டுக் கன்றும், மகரந்தத்துக்கென்று டார்செட் கோல்டன் 5 கன்றும் வைத்து நாலு வருசம் ஆகிறது. டிசம்பரில் இலையைக் கையால் உருவிவிட்டால் ஜனவரி கடைசியில் பூக்கும். இந்த வருசம் அன்னா நன்றாகப் பூத்தது, ஆனால் பிஞ்சு சுண்டைக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. காலையில் மரத்தடியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கன்று கொடுத்தவரிடம் கேட்டால் டார்செட் மகரந்தம் மலடு, அதைப் பிடுங்கிவிட்டு வேறு ரகம் வையுங்கள் என்கிறார்.

சொந்தக்காரப் பையன் ஒருவன் கல்லூரி லேபில் இருக்கிறான். டார்செட் பூவைப் பறித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்து அவனிடம் கொண்டுபோனேன். அசெட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு சிவந்தது, நல்ல மகரந்தம் என்றான். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரைத்து அதில் போட்டோம். ஒன்றுகூட முளைக்கவில்லை, பாதிக்கு மேல் வெடித்து உள்ளே இருந்தது வெளியே கொட்டிக் கிடந்தது. சாயம் நல்லது என்கிறது, தண்ணீர் கெட்டது என்கிறது. மரத்தைப் பிடுங்குவதா வேண்டாமா, சொல்லுங்க.

தாவரவியல் டீச்சர், ஈரோடு:

பிடுங்காதீர்கள். நீங்கள் செய்த இரண்டு சோதனையுமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

அசெட்டோகார்மைன் காட்டுவது மகரந்தத் தூளுக்குள் சரக்கு இருக்கிறதா என்பதை மட்டும்தான். உயிர் இருக்கிறதா என்பதை அது காட்டாது. நேற்றுச் செத்த தூளும் சிவக்கும். சுருங்கிப்போய் நிறமே ஏறாமல் கிடக்கும் சொத்தைத் தூளைக் கழித்துக்கட்ட அது உதவும். முட்சு, ஜோனாகோல்ட் மாதிரி டிரிப்ளாய்டு (இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள) ஆப்பிள்களில் குரோமோசோம் 34க்குப் பதில் 51 இருப்பதால் மகரந்தம் ஒழுங்காக உருவாகாது, அங்கே இந்தச் சாயம் உடனே காட்டிக்கொடுக்கும். உங்கள் டார்செட் அந்த வகை இல்லை.

தூளிலிருந்து குழாய் நீள்கிறதா என்று பார்க்கும் முளைப்புச் சோதனைதான் சரியான வழி, ஆனால் உங்கள் சர்க்கரை ரொம்ப நீர்த்துவிட்டது. ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்றால் 3 சதவீதம்கூட வராது. அதில் தூள் தண்ணீரை இழுத்து இழுத்து ஊதி வெடித்துவிடும், நீங்கள் பார்த்தது அதுதான். 100 மில்லிக்கு 15 கிராம் சர்க்கரை வேண்டும். கூடவே போரிக் ஆசிட், போரான் இல்லாமல் மகரந்தக் குழாய் சரியாக நீளாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மில்லி எடுத்துச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்து மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். கேரம் போர்டு பவுடர் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரும் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து, கரைசல் துளியில் மகரந்தம் தூவிய சிலைடை இரண்டு தீக்குச்சி மேல் வைத்து மூடுங்கள். சூடு 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும், மத்தியான வெயில் நேரத்து லேப் ஆகாது. நாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் காலையிலும் பாருங்கள். குழாய் தூளின் குறுக்களவைவிட நீண்டிருந்தால்தான் முளைத்த கணக்கு, லேசாக மூக்கு நீட்டியதைச் சேர்க்கக் கூடாது. குறைந்தது 300 தூளாவது எண்ணுங்கள். பக்கத்திலேயே இன்னொரு சிலைடில் அன்றைக்கு மலர்ந்த காசித்தும்பை மகரந்தம் போடுங்கள். அது சீக்கிரமே முளைக்கும். அதுவும் முளைக்காவிட்டால் கோளாறு கரைசலில், ஆப்பிளில் இல்லை.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

டீச்சர் சொன்னது சரி. நான் தென்னையில் கலப்பின ரகம் உருவாக்கும் வேலையில் பல வருசம் இருந்தவன், அங்கேயும் மகரந்தத்தை முளைக்க வைத்துப் பார்த்துத்தான் மரமேறுவோம். தம்பி, பிளாஸ்டிக் கவரில் பூவோடு நாலு நாள் வைத்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. ஈரத்தில் மகரந்தம் புழுங்கிச் செத்துவிடும்.

நாளைக்கு விரியப்போகிற, பலூன் மாதிரி உப்பிய மொட்டாகப் பறியுங்கள். மகரந்தப்பையை மட்டும் உதிர்த்து வெள்ளைத் தாளில் பரப்பி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். பை வெடித்து மஞ்சள் மாவு மாதிரி தாளில் ஒட்டும். அதைச் சின்ன பாட்டிலில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெரிய டப்பாவில் வைத்து மூடினால் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும். நன்றாகக் காய்ந்ததை ஃபிரீசரில் வைத்தால் அடுத்த பூப்பு வரைக்கும்கூட உயிர் இருக்கும். எடுத்ததும் சோதிக்காதீர்கள், மூடியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, ஈரத் துணி விரித்த டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள்.

பருத்திக்காட்டு அக்கா:

நான் விதைப் பருத்தியில் கிராஸிங் செய்கிறவள், ஆப்பிள் மரத்தைத் தொட்டதில்லை, ஆனால் பூ எல்லாம் பூதான். மகரந்தம் நல்லதாக இருந்து என்ன, காய்க்க வேண்டிய மரத்துப் பூ திறந்திருக்கும்போது அது வந்து சேர வேண்டாமா? உங்கள் அன்னாவும் டார்செட்டும் ஒரே நாளில் பூத்தனவா? அதை நீங்கள் எழுதவே இல்லை. ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பார்கள், அப்படியென்றால் நாள்தான் முக்கியம்.

உதிர்ந்த பிஞ்சைக் குறுக்கே அறுத்துப் பாருங்க. ஆப்பிளில் அஞ்சு அறை, அறைக்கு ரெண்டு, மொத்தம் பத்து விதை வரும். ரெண்டு மூணுதான் இருக்கிறது என்றால் மகரந்தம் போதவில்லை. பத்தும் இருந்தும் உதிர்கிறது என்றால் தண்ணீரையோ சத்தையோ பாருங்க.

டீச்சர்:

அக்கா கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சிலைடில் முளைத்துவிட்டதால் காய் பிடிக்கும் என்று ஆகாது. ஒத்துப்போகாத ரகமாக இருந்தால் அதே மகரந்தம் சூல்முடியில் முளைத்து, சூல்தண்டின் பாதியில் நின்றுபோகும். அன்னாவுக்கு டார்செட் ஒத்துப்போகும், அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

மலைத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றிங்க. டார்செட்டில் இன்னும் மொட்டு இருந்ததால் நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். காசித்தும்பை அரை மணி நேரத்தில் நூல் நூலாக விட்டது, அப்போதே பாதி பயம் போய்விட்டது. தாளில் உலர்த்திய டார்செட்டில் 312 எண்ணினோம், 190 முளைத்திருந்தது. பழைய பிளாஸ்டிக் கவர்த் தூளில் 300க்கு 7.

பிஞ்சு 20 அறுத்தேன். பதினாறில் விதையே இல்லை, மற்றதில் ஒன்று ரெண்டு. அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். டைரியைப் புரட்டினால் அன்னா பூத்து முடியும் நேரத்தில்தான் டார்செட் முதல் மொட்டு விட்டிருக்கிறது, கிட்டத்தட்ட ரெண்டு வாரம் பிந்தி. அப்போது அன்னாவில் தேனீ மொய்த்தது, ஆனால் எடுத்துவர டார்செட் பூவே இல்லை.

தென்னந்தோப்பு:

அப்படியென்றால் அடுத்த டிசம்பரில் டார்செட்டுக்கு மட்டும் ரெண்டு வாரம் முந்தியே இலையை உருவிவிடுங்க தம்பி. இப்போது இருக்கிற மொட்டையும் வீணாக்காமல் உலர்த்தி ஃபிரீசரில் போட்டு வையுங்க, மறுபடி நாள் தவறினாலும் அன்னாவில் பத்துக் கிளைக்காவது தூரிகையால் தடவலாம். தடவும் முன் ஒரு சிலைடு முளைக்க வைத்துப் பார்த்துவிடுங்க.

மலைத்தோட்டம்:

சரிங்க அண்ணா. 30 மொட்டு பறித்தாயிற்று, மகரந்தப்பை இப்போது தாளில் காய்கிறது.