வரி நீங்கியது, பதிவேடு இருக்கிறது: அமெரிக்காவில் துப்பாக்கி ஒலியடக்கி வாங்குவது குறித்த விவாதம்

காவிரிக்கரை (சான் அன்டோனியோ, டெக்சஸ்):

2026 ஜனவரி 1 முதல், ஒலியடக்கி வாங்குவோர் கூட்டாட்சி அரசுக்குச் செலுத்திவந்த 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு இது. ஆனால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் விதித்த மற்ற கடமைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. வாங்குவதற்கான விண்ணப்பமான நான்காம் படிவத்தை நிரப்பி, கைரேகையும் புகைப்படமும் இணைத்து, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வரும்வரை காசு கொடுத்து வாங்கிய பொருளை வணிகரிடமே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவும் நீங்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் பல ஆண்டுகளாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்பவன். இடக்காதில் இரைச்சல் இப்போது நிற்பதே இல்லை. ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தொடுகிறது. 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு வெடிகூடக் காதைக் கெடுக்கலாம். ஒலியடக்கி அந்தச் சத்தத்தில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. திரைப்படங்களில் காட்டுவதுபோல் அது துப்பாக்கியை ஊமையாக்குவதில்லை. காதுக்குப் பாதுகாப்பளிக்கும் ஒரு பொருளை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பதிவேட்டில் வைத்திருப்பது நியாயமா? மேலும், டெக்சஸ் 2021இல் இயற்றிய சட்டப்படி, இம்மாநிலத்திலேயே செய்யப்பட்டு இம்மாநிலத்தைவிட்டு வெளியேறாத ஒலியடக்கிக்குக் கூட்டாட்சிப் பதிவு தேவையே இல்லை.

நெய்தல் (சிகாகோ, இல்லினாய்):

உங்கள் காதுக்கு நேர்ந்ததைப் படித்து உண்மையாகவே வருந்துகிறேன், ஐயா. ஆனால் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். துப்பாக்கிச் சத்தம் என்பது அருகில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேரைக் கொன்றவர் தம் கைத்துப்பாக்கியில் ஒலியடக்கி பொருத்தியிருந்தார். ஓடி ஒளிய வேண்டிய நேரத்தில், கேட்ட சத்தம் என்ன என்று அடையாளம் காண எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடிக்கும் விலை உண்டு.

200 டாலர் என்பது 1934இல் பெருந்தொகை. இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கும் மேல். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஒருபோதும் உயர்த்தாததால் காலப்போக்கில் அது தானாகவே தேய்ந்துபோனது. ஆகவே வரி போனதைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஒலியடக்கி யார் கையில் இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும் நிலைதான் உண்மையான காப்பு, அதை இழக்கக் கூடாது.

காவிரிக்கரை:

வர்ஜீனியா பீச் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை, அம்மா. ஆனால் 2017இல் ஏடிஎஃப் அமைப்பின் உயர் அதிகாரி ஒருவரே, குற்றச் செயல்களில் ஒலியடக்கி பயன்படுத்தப்படுவது மிக அரிது என்று ஓர் அறிக்கையில் எழுதினார். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஒலியடக்கிகள் பதிவில் உள்ள நாட்டில் அது அரிதாகவே இருக்கிறது என்றால், அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்கள் அதை இயல்பாகப் பயன்படுத்துகிறார்கள்.

நெய்தல்:

அரிதாக இருப்பதற்குக் காரணமே அந்தப் பதிவேடுதான் என்று நான் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? கைரேகை கொடுத்து, பெயர் பதிந்து, காத்திருந்து வாங்கிய பொருளைக் கொண்டு குற்றம் செய்யப் பெரும்பாலோர் துணியமாட்டார்கள். வேலி இருப்பதால் மாடு மேயவில்லை. மாடு மேயவில்லையே, வேலி எதற்கு என்று கேட்கிறீர்கள். பின்லாந்தில் துப்பாக்கியே உரிமத்தின்பேரில்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் (செயின்ட் லூயிஸ், மிசௌரி):

இருவருமே கொள்கையைப் பேசுகிறீர்கள். வாங்குபவரைச் சிக்கவைப்பவை கூட்டாட்சிச் சட்டமும் மாநிலச் சட்டமும் சந்திக்கும் இடங்கள் என்பதால், அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், காவிரிக்கரை ஐயா குறிப்பிட்ட டெக்சஸ் சட்டத்தை நம்பி யாரும் பதிவின்றி ஒலியடக்கி வாங்கிவிடக் கூடாது. கான்சஸ் மாநிலம் இதே போன்ற சட்டத்தை 2013இலேயே இயற்றியது. அதை நம்பிப் பதிவில்லாத ஒலியடக்கிகளை விற்ற ஒரு கடைக்காரரும், அவரிடம் ஒன்று வாங்கிய முன்னாள் படைவீரரும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டார்கள். மாநிலச் சட்டம் அனுமதித்ததே என்ற அவர்களின் வாதத்தைப் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் நிராகரித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்கள் என்றாலும், தம் மாநிலச் சட்டமன்றத்தின் சொல்லை நம்பிய இருவர் குற்றப் பதிவோடு வாழ வேண்டியதாயிற்று. எனக்கு மிகுந்த மனவேதனை தரும் வழக்கு இது. டெக்சஸ் தன் சட்டத்துக்காகத் தொடுத்த வழக்கும், தொடுப்பதற்கான தகுதி நிறுவப்படவில்லை என்று 2024இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றத்தில் முடிந்துபோனது. பதிவில்லாமல் வைத்திருப்பதற்குப் பத்தாண்டு வரை சிறை என்பது இன்றும் மாறவில்லை.

இரண்டாவது, எதிர்த் திசையிலும் இதே சிக்கல் உண்டு. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் ஒலியடக்கி வைத்திருக்க முடியாது. வரி நீங்கியதால் அவர்களுக்கு எதுவும் மாறவில்லை, ஏனெனில் வாங்குபவரைச் சட்டம் மீறியவராக்கும் எந்தக் கைமாற்றத்துக்கும் ஒப்புதல் தரக்கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. என் வீட்டிலிருந்து மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் இல்லினாய். இக்கரையில் முறைப்படி பதிந்து வைத்திருக்கும் பொருள் அக்கரையில் கடுங்குற்றம்.

நம்மவர்களுக்காக இன்னொன்று. கூட்டாட்சிச் சட்டத்தில் ஒலியடக்கி தனியாகவே ஒரு துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் முதலிய சில விலக்குகளுக்குள் வராவிட்டால் அதைத் தொடவே கூடாது.

காவிரிக்கரை:

கான்சஸ் வழக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. டெக்சஸ் சட்டத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்து யாரும் அவ்வழியில் இறங்க வேண்டாம். அதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பதிவேட்டைப் பற்றிய என் வாதம் இப்போது முன்பைவிட வலுவாக இருக்கிறது. 1937இல் உச்ச நீதிமன்றம் அந்த 1934ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தை ஏற்றது, அது வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் வருகிறது என்பதால்தான். வரியே இல்லாத இடத்தில் எதைத் திரட்டப் பதிவேடு? இதே கேள்வியை எழுப்பிப் புதிய வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன.

வழிப்போக்கன்:

கேள்வி நியாயமானது. ஒலியடக்கியை அந்தச் சட்டத்திலிருந்தே நீக்கும் வரைவைத்தான் பிரதிநிதிகள் சபை 2025இல் நிறைவேற்றியது. வரவு செலவு மசோதாவில் அது அடங்காது என்று செனட்டின் விதி ஆலோசகர் கூறியதால், வரியைப் பூஜ்யமாக்குவதோடு நின்றார்கள். பதிவை வரியிலிருந்து பிரித்தவர்கள் அவர்களே. மறுபக்கம், அதே 2025இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றம், ஆயுத உரிமையைக் காக்கும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தின் பாதுகாப்புக்குள் ஒலியடக்கி வருவதாக வைத்துக்கொண்டாலும், தகுதியுள்ள எவருக்கும் மறுக்காமல் ஒப்புதல் தரும் இந்த முறை செல்லத்தக்கது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் பதிவேடு நாளையே நீங்கினால் நீங்கள் மகிழ்ச்சியடைவீர்கள் என்று நினைக்காதீர்கள். சில மாநிலங்களின் சட்டம் ஒலியடக்கியை முதலில் முழுமையாகத் தடைசெய்துவிட்டு, கூட்டாட்சி முறைப்படி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. டெக்சஸ் சட்டமே 2021 வரை அந்த வடிவத்தில்தான் இருந்தது. பதிவேடு இல்லாமல்போனால் அம்மாநிலங்களில் விலக்கின் கதி என்ன? ஒவ்வொரு சட்டமன்றமும் தன் சட்டத்தைத் திருத்தும்வரை, விலக்கைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ள வழியின்றி வாங்கியவர் நிற்பார்.

நெய்தல்:

இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. பதிவேட்டை நான் ஆதரித்தது மற்றவர்களின் பாதுகாப்புக்காக. அது வாங்கியவருக்கும் ஓர் ஆதாரமாக இருக்கிறது. ஐயா, ஒப்புதல் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும் என்றால் உங்கள் முறையீட்டை ஏற்பேன். இணையவழி விண்ணப்பம் வந்தபின் சில நாட்களிலேயே கிடைப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவ்வளவு காலம் காத்திருப்பது பெரும் பாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காவிரிக்கரை:

நாட்கணக்கு வேறு, கொள்கை வேறு, அம்மா. காதுக்கு உறை போட்டுக்கொள்ள நான் அரசுக்கு ஏன் கைரேகை தர வேண்டும் என்ற கேள்வி ஒரே நாளில் ஒப்புதல் வந்தாலும் இருக்கும். அதை என் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதப்போகிறேன். நான்காம் படிவத்தையும் இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.