கொம்பனி ஏரியாவைப் பறிக்குது, ரிட்டன் காசு நிக்குது – கேஸ் போடலாமா? (அவசரம்)

உப்புவெளி_ஸ்டோர்
பிஸ்கட் கொம்பனி ஒண்டுக்கு திருகோணமலை டவுன், நிலாவெளி, குச்சவெளி ஏரியா விநியோகம் நாங்கதான் செய்யிறம். அடுத்த மாசத்தில இருந்து வேற ஆளுக்குக் குடுக்கிறம் எண்டு ஏரியா மனேஜர் வட்சப்பில போட்டிட்டார். கடையில இருந்து திரும்பி வந்த ரிட்டன் சாமான் ஸ்டோர்ல குவிஞ்சு கிடக்கு, அதுக்குக் கொம்பனி கழிச்சுத் தரவேண்டிய கிரெடிட் வரேல்ல. லொறிக்கு லீசிங் கட்டவேணும். கேஸ் போடலாமா? எங்க போடுறது? கெதியா சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை
எக்ரிமென்ட் எழுத்தில இருக்கா? காலம் முடிஞ்சிட்டா, ஓடுதா? நிப்பாட்ட எத்தனை நாள் நோட்டீஸ்? பேங்க் கரண்டி (பேங்க் உத்தரவாதம்) குடுத்தீங்களா? செக்? ரிட்டன்ல கையெழுத்தோட இருக்கிறது எவ்வளவு, சும்மா கிடக்கிறது எவ்வளவு? இதுகள் தெரியாம யாரும் பதில் சொல்லேலாது.

கிண்ணியா_நானா
சாமானை வாங்கிட்டுக் காசு தராட்டி அது நம்பிக்கை மோசடி. பொலிசில ஒரு என்ட்ரி போடுங்க தம்பி, கொழும்பில இருந்து ஓடி வருவாங்க.

கணக்குப்பிள்ளை
நானா, சாமான் இன்னும் இவரோட ஸ்டோர்லதான் கிடக்கு. கொம்பனி எதையும் எடுத்துக்கொண்டு போகேல்ல. இது சிவில் தகராறு எண்டு சொல்லிப் பொலிசில திருப்பி அனுப்புவாங்க.

நொத்தாரிசு_மாமா
இந்தப் பகுதியில் மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தம்பி, கையெழுத்து வைக்கும்போது வாசிக்காத எக்ரிமென்ட்டை ஏரியா போன பிறகாவது எடுத்து வாசிக்கவும். ஆங்கிலம் விளங்கவில்லை என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வைத்த கையெழுத்து உங்களுடையதுதான். நோட்டீஸ், கணக்கு முடித்தல், நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பது) என்ற மூன்று வாசகங்களையும் படம் பிடித்துப் போடவும். கொம்பனிப் பெயரை மறைத்துவிடவும்.

உப்புவெளி_ஸ்டோர்
எழுத்தில இருக்கு, ரெண்டு வருசத்துக்கு. அது முடிஞ்சு புதுப்பிக்கேல்ல, சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் 30 நாள், எழுத்தில எண்டு இருக்கு. நடுத்தீர்ப்பு கொழும்பில எண்டு கடைசிப் பக்கத்தில இருக்கு. கரண்டி 15 லட்சம். தேதி போடாத செக் ரெண்டும் அவங்களிட்ட. ரிட்டன் 14 லட்சம் வரும், அதில கொம்பனி விற்பனை ஆள் (ரெப்) கையெழுத்து வச்சது பாதிதான்.

மூதூர்_லொறி
முதல்ல அந்த செக் ரெண்டையும் பேங்க்ல சொல்லி நிப்பாட்டுங்க. மற்றது பிறகு.

கணக்குப்பிள்ளை
கண்ணை மூடிக்கொண்டு நிப்பாட்டாதீங்க. காசில்லாம செக் திரும்பினா 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் 25ஆம் பிரிவில குற்றவியல் வழக்கு வரும். நிப்பாட்டினாலும் அதே பிரிவைக் காட்டி இழுப்பாங்க. அதால முதல்ல கொம்பனிக்குக் கடிதம்: இந்த இலக்க செக்குகள் பாதுகாப்புக்கு மட்டும் தந்தது, கணக்கு முடியேல்ல, ரிட்டன் கிரெடிட் இவ்வளவு கழிபடவேணும், அதுவரை வங்கியில போடவேண்டாம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு நிப்பாட்டினா நியாயமான காரணம் எழுத்தில இருக்கும்.

மூதூர்_லொறி
தேதி இல்லாத செக் செல்லாதே, என்னத்துக்குப் பயம்?

நொத்தாரிசு_மாமா
செல்லும். செக், உண்டியல் போன்றவற்றுக்கான 1927ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டப்படி, செக்கை வைத்திருப்பவர் நியாயமான காலத்துக்குள், தனக்குக் கொடுத்த அதிகாரத்தின்படி தேதியை நிரப்பலாம். அதிகாரத்தை மீறி நிரப்பினார் என்று நீங்கள்தான் காட்டவேண்டும். பிறகு கொம்பனி சிவில் நடவடிக்கைச் சட்டக்கோவை 703ஆம் பிரிவின் கீழ்ச் சுருக்க நடைமுறையில் வரும். அதில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் நீங்கள் எதிர்வாதமே செய்யலாம்.

வெருகல்_கரை
கொம்பனி செக் வாங்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1871ஆம் ஆண்டுப் பிரிஸ்கிரிப்ஷன் (வழக்குப் போடுற காலவரையறை) சட்டத்தில விற்ற சாமானுக்கும் கடைக் கணக்குக்கும் ஒரு வருசம்தான். செக்குக்கும் எழுத்து ஒப்பந்தத்துக்கும் ஆறு வருசம். இவரோட ரிட்டன் காசும் ஒரு வருசத்தில செத்துப்போகும், கவனம்.

கணக்குப்பிள்ளை
ரிட்டன் எப்பிடி ‘விற்ற சாமான்’ ஆகும்? காலாவதிச் சாமானுக்கு கிரெடிட் தருவம் எண்டது எக்ரிமென்ட்டில இருக்கிற வாக்கு. ஆறு வருசம்.

வெருகல்_கரை
எக்ரிமென்ட்தான் முடிஞ்சிட்டே. முடிஞ்ச பிறகு நடந்த வியாபாரத்துக்கு எங்கால எழுத்து?

கணக்குப்பிள்ளை
பழைய நிபந்தனையிலேயே ரெண்டு பக்கமும் தொடர்ந்தா அது நடத்தையால தொடர்ந்த ஒப்பந்தம்.

வெருகல்_கரை
நடத்தையால வந்தது எழுதாத ஒப்பந்தம். அதுக்கு மூண்டு வருசம். ஆறு இல்லை.

நொத்தாரிசு_மாமா
ஒன்றா, மூன்றா, ஆறா என்று இங்கே தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு வருடம் என்றே வைத்து வேலையைத் தொடங்கினால் எந்தப் பக்கத்தாலும் நட்டமில்லை. பாக்கியை ஒப்புக்கொண்டு கொம்பனி கையெழுத்திட்ட கடிதமோ கணக்குக் கூற்றோ கிடைத்தால் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஏரியா மனேஜர் ‘பார்ப்போம்’ என்று சொன்னதால் ஓடாது.

கிண்ணியா_நானா
ஓம், வாயால சொன்னதை விடுங்க. வட்சப்பை நீதிமன்றம் எடுக்குமா?

கணக்குப்பிள்ளை
எடுக்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதுக்கு வழி விடுது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது, போனை மாத்தாதீங்க, அந்த மெசேஜுகளையும் அழிக்காதீங்க. ஆனா வட்சப்பில வந்தது எக்ரிமென்ட் கேக்கிற ‘எழுத்து நோட்டீஸ்’ தானா எண்டது வேற கேள்வி. 30 நாள் இன்னும் தொடங்கேல்ல எண்டு உங்கட கடிதத்தில ஒரு வரி எழுதுங்க.

எல்லாரும் செக்கில நிக்கிறீங்க. கூட ஆபத்து கரண்டி. கொம்பனி ஒரு கோரிக்கைக் கடிதம் குடுத்தா பேங்க் கேள்வி கேளாம 15 லட்சத்தையும் கட்டும். பிறகு உங்கட ஓவர்டிராஃப்ட்டில, இல்லாட்டி பிணை வச்ச நிலையான வைப்பில கழிக்கும். அதைத் தடையுத்தரவால மறிக்கத் தெளிவான மோசடி காட்டவேணும். கணக்குத் தகராறு மோசடி ஆகாது. கரண்டிக் கடிதத்தில கடைசித் தேதி என்ன? முடியப்போகுது எண்டா ‘நீடிச்சுத் தா, இல்லாட்டிக் காசைக் கட்டு’ எண்டு பேங்குக்கு எழுதுவாங்க. அந்த நேரம் மாட்டன் எண்டு நிக்காதீங்க. கணக்கைச் சரிபார்த்து, குறைஞ்ச தொகைக்கு நீடிக்கிறன் எண்டு கேளுங்க.

உப்புவெளி_ஸ்டோர்
அப்ப ரிட்டன் 14 லட்சத்தை நாங்க குடுக்கவேண்டிய பில்லில கழிச்சிட்டு மிச்சத்தைக் கட்டினா சரிதானே?

நொத்தாரிசு_மாமா
கழிக்கலாம், தொகை நிச்சயமானதாக இருந்தால். கிரெடிட் நோட் வந்த தொகை நிச்சயமானது. ரெப் கையெழுத்து வைத்த தொகைக்கு வாதம் உண்டு. ஸ்டோரில் சும்மா கிடப்பதை நீங்களே விலை போட்டுக் கழித்தால் பில் கட்டாதவர் நீங்கள் என்றாகிவிடும். கொம்பனி காத்திருப்பதும் அதற்குத்தான்.

கணக்குப்பிள்ளை
அதுதான் இண்டைக்குச் செய்யவேண்டிய வேலை. கையெழுத்தில்லாத பாதிக்கு ரிட்டன் சீட்டு எழுதுங்க. ஒரு வரிக்கு ஒரு பேட்ச்: சாமான் பேர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, பெட்டி, உதிரிப் பக்கெட், வாங்கின விலை. கடை விலை போட்டா உங்கட மார்ஜினும் சேர்ந்து வரும், அதைச் சாட்டி முழுச் சீட்டையும் தள்ளுவாங்க. காலாவதி, உடைஞ்சது, ஈரம் பட்டது மூண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. மாரி மழையில அட்டைப்பெட்டி ஊறியிருந்தா ‘ஸ்டோர் பழுது’ எண்டு சொல்லிக் கழிச்சிருவாங்க, அதால பெட்டிகளை நிலத்தில இருந்து பலகையில ஏத்திப் படம் எடுங்க, பேட்ச் நம்பர் தெரியவேணும். ரெப்பைக் கூப்பிட்டு எண்ணிக் கையெழுத்து, பேர், தேதி வாங்குங்க. வராட்டி ரெண்டு சாட்சி வச்சு எண்ணி, பட்டியலைப் பதிவுத் தபாலில தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, இத்தனையாம் தேதிக்கு முதல் எடுங்க எண்டு எழுதுங்க. வியாபாரக் கடிதத்துக்குப் பதில் போடாம இருந்தா ஒப்புக்கொண்டதாக எடுக்கலாம் எண்டு எங்கட நீதிமன்றங்கள் சொல்லியிருக்கு. அதே விதி உங்களுக்கும்தான்: கொம்பனி பாக்கிக் கணக்கு அனுப்பினா உடன மறுத்து எழுதுங்க.

காலாவதிச் சாமான் ஒண்டும் கடைக்குப் போகக்கூடாது. நுகர்வோர் அதிகார சபை பிடிச்சா வழக்கு உங்களுக்கும் கடைக்காரருக்கும்தான்.

மூதூர்_லொறி
எங்க போடுறது எண்டதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

நொத்தாரிசு_மாமா
ஒப்பந்தம் செய்த இடம் அல்லது வழக்குக் காரணம் எழுந்த இடம் திருகோணமலை என்றால் இங்குள்ள நீதிமன்றத்தில் போடலாம், சட்டக்கோவை 9ஆம் பிரிவு. ஆனால் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறது. கொம்பனி ஆட்சேபித்தால் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. ஆட்சேபிக்காவிட்டால் நடக்கும். நடுத்தீர்ப்பாளர் கட்டணத்தைக் கட்டவேண்டி வரும் என்பதால் 14 லட்சத்துக்குச் சில கொம்பனிகளே அதை விரும்புவதில்லை; நடுத்தீர்ப்பு இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போகச் சம்மதமா என்று கோரிக்கைக் கடிதத்திலேயே கேட்டுப் பார்க்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னர் வியாபாரப் பெயர்ப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, எக்ரிமென்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும். அப்பா பெயரில் பதிவு, மகன் கையெழுத்து என்றால் முதல் ஆட்சேபணை அங்கேதான் வரும்.

உப்புவெளி_ஸ்டோர்
பதிவு வாப்பா பேரில, கையெழுத்து நான்.

நொத்தாரிசு_மாமா
அதைத்தான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை
பயப்படாதீங்க. பில்லெல்லாம் யாருடைய பேருக்கு வந்தது, காசு எந்தக் கணக்கில இருந்து போனது எண்டு எடுத்து வைங்க. வாப்பாவையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிட்டப் போங்க, ரெண்டு பேரையும் வழக்காளியாப் போடுறதா எண்டு அவர் பார்ப்பார்.

உப்புவெளி_ஸ்டோர்
ரெப் வந்தார். 9 பக்கம் எண்ணிக் கையெழுத்து வச்சார், ஈரம் பட்ட சீட்டில மட்டும் மாட்டன் எண்டிட்டார். கடிதம் நாளைக்குப் போகுது. எல்லாருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை
ஈரச் சீட்டில ‘ரெப் மறுத்தார்’ எண்டு எழுதி, தேதி போட்டு, நிண்ட ஆக்களிட்டச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்க. கரண்டிக் கடைசித் தேதி இன்னும் சொல்லேல்ல.