தாராவி ஒற்றை அறையின் சுவர் என்ன நிறம்?

அனைவருக்கும் வணக்கம். 1980களில் மும்பையின் தாராவியில் நாங்கள் ஏழு பேர் வாழ்ந்த ஒற்றை அறையை ஓவியமாகத் தீட்டிவருகிறேன்; 2005 ஜூலை 26 வெள்ளத்தில் புகைப்படங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால், நினைவைத் தவிர வேறு துணையில்லை. பரண் ஏணியின் மூன்றாம் படி, அப்பா தினமும் ஈரத்துண்டைப் போட்டதால் துருவேறியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சுவரோ, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தது என்கிறேன் நான். பச்சை என்று உறுதியாகச் சொல்கிறார் அக்கா. நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதே என்று உளவியலாளர் பார்ட்லெட் 1932இலேயே எழுதியிருக்கிறார். நீலத்தைப் பூசப் பூச, இருந்த நிறம் என்னிடமிருந்து அழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அக்காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள், வீட்டுக்குள் எடுத்த வண்ணப்படம் மங்கியதாக இருந்தாலும் அனுப்பி உதவுங்கள். அக்காவுக்கு அடுத்த மாதம் அறுபது வயது நிறைகிறது; இந்த ஓவியம் அவருக்காகத்தான்.